கம்பி விலக்கு

கொண்டுபோய் விட்ட ஊரிலிருந்து வீடு தேடித் திரும்பி வருகிற குணம் பூனைக்கு மட்டுமே உண்டு என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றுபோல நம்பி வருகிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது. இத்தனை காலம் இதை யாரும் திருத்தாமல் விட்டது மிகவும் வருந்தத்தக்கது. பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் விட்டால் திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட ஒழுங்காக, வழியில் எந்த மீன்கடை வாசலிலும் நிற்காமல், ஒரு குடும்பத்தின் வரவுசெலவுச் சீட்டுகள் திரும்பி வந்து சேரும் என்பது செங்கரட்டுப்பட்டியில் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியவந்தது. அதில் பூனைகளுக்குப் பங்கில்லை. பங்குள்ளவர்கள் தவசி என்கிற மல்லிகை விவசாயியும், அவர் இருநூறு ரூபாய் விலை வைத்த ஒரு கட்டுக்கம்பியும்.

செங்கரட்டுப்பட்டியில் விடியும் முன்னே மொட்டு எடுத்து, மூட்டை கட்டி, வேனில் ஏற்றி, டவுன் பூச்சந்தையில் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டால், வேன் திரும்பும்போது காலிச் சாக்கோடு உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு வரும். அன்றைய எடை, அன்றைய விலை, கமிஷன் கழிவு, முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சம் என்று பென்சிலில் கிறுக்கிய அந்தச் சீட்டை, கூரைச் சட்டத்தில் தொங்கும் கட்டுக்கம்பியில் குத்திவிடுவது வழக்கம். சீட்டுகள் உருவிப் போகாமல் கம்பியின் அடியில் பழைய செருப்புத் தோலில் வெட்டிய வட்டம், தலையில் கொக்கி. கம்பி நிரம்பினால் இன்னொன்றை முறுக்கிச் சேர்ப்பார்கள். இப்படிச் சேர்த்துச் சேர்த்துச் சில வீடுகளில் கம்பி சட்டத்தைச் சுற்றி, சுவரோரம் வளைந்து, சாமி படத்துக்குப் பின்னால் போய் முடியும். ஒட்டடை அடிக்கும்போது அதையும் சேர்த்துத் தட்டுவார்கள். குத்திய சீட்டை யாரும் திரும்ப எடுத்துப் படித்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் ஒரு நாள் சீட்டைக் குத்தாமல் விட்டால் அன்று சோறு இறங்காது.

இந்த ஊருக்குத்தான் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஜீப்பில் மேகலா மேடம் வந்தார். விவசாயிகள் தங்கள் கணக்கை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று அளக்க வந்திருப்பதாக அவர் சமுதாயக் கூடத்தில் சொன்னபோது, வார்டு மெம்பர் மொக்கைச்சாமி எழுந்து நின்றார்.

“எதுலம்மா அளப்பீங்க? படியிலயா, டேப்புலயா?”

“விலையில அண்ணே.”

“அப்ப எங்களுக்குப் புரியும்,” என்று அவர் உட்கார்ந்துகொண்டார்.

முறை எளிமையானது. ஒவ்வொருவரும் தன் கம்பிக்கு ஒரு விலை சொல்ல வேண்டும். பிறகு குடத்துக்குள் கைவிட்டு ஒரு விலைச் சீட்டு எடுக்கப்படும். எடுத்த விலை சொன்ன விலைக்கு மேலே இருந்தால், எடுத்த விலையைக் கொடுத்துக் கம்பியை வாங்கிக்கொள்வார்கள். கீழே இருந்தால் கம்பி வீட்டிலேயே இருக்கும். இந்த முறையில் பொய்விலை சொல்வதால் யாருக்கும் லாபமில்லை என்று கணிதம் நிரூபித்திருக்கிறது. லாபமே இல்லாமலும் பொய் சொல்லக்கூடிய மனிதர்களை அந்தக் கணிதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிட, நாலு பேர் காதுபட உண்மை விலையைச் சொல்வது மானக்கேடு என்று கருதும் ஊர்களையும் அது அறிந்திருக்கவில்லை. செங்கரட்டுப்பட்டிக்காரர்கள் மாட்டுச் சந்தையில் பழகியவர்கள். அங்கே துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். ஆகவே மேகலா மேடமும் அன்று முழுவதும் ஒரு கையைத் துண்டுக்கடியில் கொடுத்துவிட்டு, மறு கையால் எழுதிக்கொண்டிருந்தார். சிலர் ஐந்து விரலையும் பிடித்தார்கள். மொக்கைச்சாமி ஐந்தையும் பிடித்து, விட்டு, மறுபடி ஐந்தையும் பிடித்தார்.

தவசி இரண்டு விரல் பிடித்தார்.

“ஆயிரமாங்க, லட்சமாங்க?” என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

“நூறு.”

ஊரிலேயே குறைந்த விலை அதுதான். கணக்கை மதிக்காதவர் என்று மேடம் அவரைக் குறித்துக்கொண்டது முறைப்படி சரி. ஆனால் தவசிக்கு அந்தக் கம்பி வீட்டைவிட்டுப் போனால் போதுமென்றிருந்தது. காரணம், அதில் சீட்டுக் குத்தியவள் அவருடைய நாலாவது மகள். வரிசையாக மூன்று பெண்கள் பிறந்த பிறகு நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குச் சொல்லும் விதமாகப் போதும்பொண்ணு என்று பெயர் வைக்கப்பட்டவள். கை எட்டாத வயதில் நெல் குதிர்மேல் ஏறி நின்று குத்தினாள், எட்டிய வயதில் தரையில் நின்று குத்தினாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திப் பூ எடுக்கப் போட்ட பிறகும், எடுத்த பூவின் சீட்டைத் தானே வாங்கி, ஒரு தடவை உதடசைத்துப் படித்துவிட்டுக் குத்தினாள். பிறகு பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்த அமல்ராஜை உப்பிலியூத்து மாதா கோவிலில் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்று தவசி தெருவில் நின்று, “அவ கணக்கு முடிஞ்சு போச்சு,” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதன்பின் வந்த சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவந்தார். கம்பி வளராமல் அப்படியே தொங்கியது. எரிக்கக் கை வரவில்லை, விற்க ஒரு வழி வந்தது, விற்றார். குடத்திலிருந்து வந்த சீட்டில் எழுநூறு இருந்தது.

அவருடையதோடு சேர்த்துக் கொஞ்சம் கம்பிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேடம் போய்விட்டார்.

முதல் கம்பி திரும்பி வந்ததைப் பார்த்தது டவுன் பஸ் டிரைவர். தார்ச்சாலையின் இடது ஓரமாக, சட்டப்படி வண்டிகள் போக வேண்டிய பக்கத்தில், இருபுறமும் சீட்டுகளைக் கால்களாக ஊன்றி, கொக்கியைத் தலையாகத் தூக்கிக்கொண்டு, பெரிய பூரான் ஒன்றைப்போல அது சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. அவர் ஹாரன் அடித்தார், அது ஒதுங்கியது, அவர் கடந்து போனார். ஊருக்குள் வந்து டீ குடிக்கும்போது, “உங்க ஊர்க் கணக்கு ஒண்ணு பாலத்துக்கிட்ட வந்துக்கிட்டிருக்கு,” என்று சொன்னார். பின்னாலேயே மற்றவையும் வந்தன.

ஊர் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. ஆடுகள் காகிதத்தைத் தின்னும் என்பதால் ஆடுகளைக் கட்டிப்போட்டார்கள். வாசல் தெளிக்கிற பெண்கள் சீட்டுகள் நனையாமல் இருக்க நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு உலர்ந்த பாதை விட்டுத் தெளித்தார்கள்; கோலமும் அந்தப் பாதையின் இருபுறமும் இரண்டு பாதியாகப் போடப்பட்டது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கூட்டம் கூடிப் பேசினார்கள். “வித்தது வித்ததுதான், நாம யாரும் அதைக் கூப்பிடலை, வந்தது அதோட இஷ்டம்,” என்று மொக்கைச்சாமி சொன்னதை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை. வேனில் போன சாக்கு தினமும் திரும்பி வரும் ஊரில், கம்பி வந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. கம்பிகள் தாங்கள் தொங்கிய ஆணிக்குத் திரும்பவில்லை. மொக்கைச்சாமியின் கம்பி அவரைத் தாண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அவருடைய மனைவியின் அரிசிப் பானையைச் சுற்றிக்கொண்டது. அதன்பிறகு அவர் உரம் வாங்கவும் அந்த அம்மாளிடம் கேட்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் கம்பி பக்கத்து வீட்டுக்குப் போனது, ஏனென்றால் இவன் பூவை என்ன விலைக்கு விற்றான் என்று பல வருஷமாகத் தூக்கம் கெட்டவன் அங்கே இருந்தான். மேலத்தெருக் கம்பி ஒன்று ஊருக்குள் நுழையாமலே சுடுகாட்டுக்குப் போய், போன வருஷம் பெரியவரை எரித்த இடத்தில் சுருண்டு படுத்தது. அவருடைய பிள்ளைகள் அதன்மேல் ஒரு தகரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். கம்பி வீட்டைத் தேடி வருவதில்லை, தன்னை யார் நெஞ்சில் வைத்திருக்கிறார்களோ அவர்களைத் தேடி வருகிறது என்று ஊருக்குப் புரிந்தது.

அது புரிந்த நாளிலிருந்து தவசிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எல்லாருடையதும் வந்துவிட்டது, அவருடையது வரவில்லை.

“என்ன மாமா, உங்க கம்பி கால் நொண்டியா?” என்று பூ எடுக்கும் பெண்கள் கேட்டார்கள்.

“நான் ரெண்டு விரல் பிடிச்சது ரெண்டு லட்சத்துக்கு. அந்தம்மா தப்பா எழுதிருச்சு,” என்று அவர் சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை.

வீட்டில் அவர் மனைவி ஒச்சம்மாள் சட்டத்தில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சோறு போட்டாள். “இருநூறுன்னு சொன்னீங்கள்ல. அதுக்கும் ரோஷம் இருக்காதா?”

“வந்தா என்ன, வராட்டி என்ன.”

“அப்ப எதுக்கு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?”

செய்தி பஞ்சர் கடை சூசையிடமிருந்து வந்தது. டவுனிலிருந்து வருகிற சாலை அவருடைய கடைக்கு முன்னால் இரண்டாகப் பிரிகிறது. வலது கை செங்கரட்டுப்பட்டிக்கு, இடது கை உப்பிலியூத்துக்கு. அந்த முக்கில், கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், நீளமான கம்பி ஒன்று வந்து நிற்பதாகவும், எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே கிடப்பதாகவும் அவர் சொல்லியனுப்பினார். தவசி தன் மொபெட்டின் டயரில் ஆணி குத்திவிட்டதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். டயரில் ஆணி இல்லை என்பது ஒச்சம்மாளுக்குத் தெரியும்.

கம்பி அவருடையதுதான். செருப்புத் தோல் வட்டம் போதும்பொண்ணுவின் பள்ளிக்கூடச் செருப்பில் வெட்டியது. நீல நிறம் இன்னும் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவர் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது, நின்றது, பிறகு ஒரு சாண் உப்பிலியூத்துப் பக்கம் போய்ப் பழைய இடத்துக்கே வந்தது.

“காலையிலருந்து இதான் பண்ணுது,” என்றார் சூசை. “யாரோ ரெண்டு பேரு நடுவுல மாட்டிக்கிச்சு போல.”

“ரெண்டு பேருன்னு உமக்கு யாருய்யா சொன்னது?”

“யாரு சொல்லணும்? ரோடே ரெண்டுதானே இருக்கு.”

தவசி துண்டை விரித்து, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பழைய ஆணியில் மாட்டினார். விடிந்து பார்த்தபோது ஆணி காலியாக இருந்தது. கம்பி முக்கில் கிடந்தது. மறுபடி எடுத்து வந்தார், மறுபடி போயிற்று. மூன்றாவது தடவை அவர் போனபோது முக்கில் கம்பி இல்லை.

“உங்க மக வந்து எடுத்துட்டுப் போச்சு,” என்றார் சூசை, டயரைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்தபடி. “மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. அங்கயும் தங்காது. காலையில வந்துரும்.”

காலையில் வந்துவிட்டது.

இதையெல்லாம் கேள்விப்பட்ட மேகலா மேடம் டேப்போடு வந்து இறங்கினார். இரண்டு சாலைப் பக்கமும் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று வெயிலில் குந்தி உட்கார்ந்து அளந்தார். இரண்டும் சரிசமமாக இருந்தன. இதைவிட நல்ல அளவுகோல் தன் படிப்பில் எங்கும் சொல்லப்படவில்லை என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு கேள்வித்தாளை எடுத்தார்.

“ஐயா, இப்ப இந்தக் கம்பிக்கு என்ன விலை சொல்வீங்க?”

“விக்கிறதுக்கில்ல.”

“ஒரு பேச்சுக்காவது ஒரு தொகை சொல்லுங்க. இல்லன்னா நான் ‘பதில் இல்லை’ன்னுதான் போடணும்.”

“அப்படியே போடுங்க.”

அவர் அப்படியே போட்டார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கம்பியின் தலையில் புதிதாக ஒரு சீட்டு இருப்பதைத் தவசி பார்த்தார். வேறு கமிஷன் கடையின் பெயர், அதற்குக் கீழே போதும்பொண்ணு, உப்பிலியூத்து என்று பென்சில் எழுத்து, எடை, விலை. அவளும் பூ போடுகிறாள் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து தன் அன்றைய சீட்டை எடுத்து, அவளுடையதற்கு மேலே குத்திவிட்டு, சூசை பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார். மறுநாள் அவருடையதற்கு மேலே அவளுடையது இருந்தது. அவர் மாலையில் வருவார், அவள் மத்தியானம் வந்துபோயிருப்பாள். ஒருவர் மற்றவரைப் பார்ப்பதில்லை, ஆனால் உப்பிலியூத்தில் செடிகளுக்கு நோய் விழுந்தது தவசிக்குத் தெரிந்தது, எடை இறங்கியிருந்தது. செங்கரட்டுப்பட்டியில் மோட்டார் பழுதாகித் தண்ணீர் பாயாமல் போனது அவளுக்குத் தெரிந்திருக்கும், இவர் எடையும் இறங்கியிருந்தது. முகூர்த்த நாள்களில் இருவருக்கும் விலை ஏறியது. பிஸ்கட் டப்பாவிலிருந்த பழைய சீட்டுகளையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து குத்தினார். ஒச்சம்மாள் டப்பா லேசாகிக்கொண்டே வருவதைக் கவனித்தாள். ஒரு நாள் அவர் சீட்டுகளை மறந்துவிட்டுப் புறப்பட்டபோது தானே எடுத்துவந்து வண்டியில் வைத்தாள்.

சீட்டுகளைத் திரும்பிப் படிக்கும் பழக்கமில்லாத தவசி இப்போது படிக்க ஆரம்பித்திருந்தார். படிக்கப் படிக்க ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரே சந்தை, ஒரே நாள், ஒரே மல்லிகை, அவளுக்கு முந்நூற்று நாற்பது, அவருக்கு இருநூற்றுத் தொண்ணூறு. ஒரு நாள் தவறுதலாக இருக்கலாம். நாள்தோறும் தவறு நடக்காது. சீட்டைச் சீட்டாக விரலால் தள்ளிப் பார்த்து, கடைசியில் ஒரு மத்தியானம், வழக்கமில்லாத நேரத்தில், வெயிலோடு வெயிலாக முக்கில் போய் இறங்கினார்.

போதும்பொண்ணு கிலோமீட்டர் கல்லில் உட்கார்ந்து சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். முன்னைவிடப் பூசினாற்போல இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள், எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். சூசை தன் கடைக்குள் போய், அவசரமில்லாத ஒரு டியூபைத் தேட ஆரம்பித்தார். தவசி வரும்போது மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்த பேச்சு முழுவதையும் விட்டுவிட்டு, அவளுடைய சீட்டைக் கைகாட்டினார்.

“ஏத்தா,” என்றார். “முந்நூத்தி நாப்பதா போட்டிருக்கான்?”

“ஆமாப்பா.”

“எனக்கு இருநூத்தித் தொண்ணூறு.”

“பாத்தேன். தெனமும்தான் பாக்குறேன். உங்க கடைக்காரன் விலையிலயும் இறக்குறான், கமிஷனும் கூடப் பிடிக்கிறான்.”

“எத்தனை நாளா?”

“எத்தனை நாளாவா? நான் எட்டாவது படிக்கையில இருந்து. அப்பவே சொன்னேனேப்பா.”

“சொன்னியா?”

“சொன்னேன். ‘வாயை மூடிக்கிட்டுப் பூவை எடு’ன்னீங்க.”

கம்பி இருவருக்கும் நடுவில் கிடந்தது. ஒரு லாரி கடந்து போனது. சீட்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. தவசி லாரி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது கண்ணுக்கு மறைந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன் வீட்டுக்காரரு வேன் இந்தப் பக்கமாத்தான் போகுதா?”

“விடியக்காலம் இதே முக்கு வழியாத்தான் போகும்.”

“ஒரு மூட்டை போட எடம் இருக்குமா?”

“கேட்டுச் சொல்றேன்.”

“இதுக்கும் கேக்கணுமாக்கும்?”

“வண்டி அவருது. கேக்கணும்ல? வாடகையும் உண்டு, இப்பவே சொல்லிப்புடறேன்.”

“மாமனாருக்குமா வாடகை?”

“மாமனாருன்னு இன்னைக்குத்தானே சொல்றீங்க,” என்றாள் போதும்பொண்ணு. “இத்தனை வருசமா அவரும் காத்துக்கிட்டிருந்தாருல்ல, அதுக்கும் சேத்து.”

கடைக்குள்ளிருந்து சூசை சிரிக்கிற சத்தம் கேட்டது. தவசிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவர் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, பையிலிருந்து தன் சீட்டை எடுத்துக் குத்தக் குனிந்தார். துளை சரியாக விழவில்லை. அவள் வாங்கி, ஒரு தடவை உதடசைத்துப் படித்துவிட்டு, குத்திக் கொடுத்தாள்.

கம்பி அதன்பின் நகரவில்லை. வலதுபுறமும் போகவில்லை, இடதுபுறமும் போகவில்லை. கல்லோடு கல்லாக, நாள்தோறும் இரண்டு சீட்டு நீளமாகிக்கொண்டே அங்கேயே இருந்தது. மழைக்காலத்துக்கு முன் சூசை அதன்மேல் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சாய்த்து வைத்தார். மேகலா மேடத்தின் அறிக்கையில் தவசியின் வரிசைக்கு நேரே இருநூறு என்பது அடிக்கப்பட்டு, ‘பதில் இல்லை’ என்று இருக்கிறது.

மத்தியான வேளையில் அந்த முக்கில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இரண்டு திசையிலிருந்தும் ஆள்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், போக்குவரத்துக் கழகம் அதை ஒரு நிறுத்தமாக்கி, ‘கம்பி விலக்கு’ என்று பலகை வைத்தது. நிறுத்தம் வந்ததால் ஒரு ஸ்டேஜ் கூடி, இரு ஊர்களிலிருந்தும் டவுனுக்கு இரண்டு ரூபாய் கட்டணம் ஏறியது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போதும்பொண்ணுக்கு அது தெரியவரவில்லை. மொபெட்டை விட்டுவிட்டு இப்போது பஸ்ஸில் போய்வருகிற தவசி அந்த டிக்கெட்டுகளையும் கம்பியில் குத்திவருகிறார்.